ஆஸ்திரேலியாவில் ‘ஷவுட்’ என்றால் கத்துவது அல்ல

பஸ், ரயிலில் பயன்படுத்தும் சிட்னி ஓபல் கார்டு, மெல்பர்ன் மைக்கி கார்டு பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் பர்ஸைப் பதம் பார்ப்பது பேச்சு. அதைத்தான் விமானம் ஏறும் முன்பே கற்றுக்கொள்ள வேண்டும்.

பப்பில் ஒருவர் “மை ஷவுட்” என்றால் இந்தச் சுற்று அவர் செலவு. நாலு பேர் போனால் நாலு சுற்று, ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்க வேண்டும். சிட்னி நகர மையத்தில் ஒரு ஸ்கூனர் (கிளாஸ் அளவின் பெயர்) பீர் பத்து டாலரை ஒட்டி வரும். உங்கள் முறைக்கு நாற்பது டாலர் எடுத்து வையுங்கள். மூன்று சுற்று ஓசியில் குடித்துவிட்டுத் தன் முறை வரும்போது நழுவுகிறவரை அங்கே யாரும் மன்னிப்பதில்லை, மறப்பதும் இல்லை. கட்டுப்படியாகாது என்றால் முதல் சுற்றுக்கு முன்பே “என்னுடையதை நானே வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குடிக்காதவர்களுக்கு லெமன் லைம் பிட்டர்ஸ் கிடைக்கும், ஆனால் அதில் விடுகிற பிட்டர்ஸ் சில சொட்டுதான் என்றாலும் மது கலந்தது. அதுவும் கூடாதென்றால் லெமனேட் கேளுங்கள். நம் எலுமிச்சை ஜூஸ் வராது, ஸ்ப்ரைட் மாதிரி ஒன்று வரும்.

அளவிலும் ஏமாறலாம். சிட்னி ஸ்கூனர் 425 மில்லி. அடிலெய்டில் அதே பெயரைச் சொன்னால் 285 மில்லிதான். 425 வேண்டுமானால் அங்கே ‘பைன்ட்’ என்று கேட்க வேண்டும். மெல்பர்னில் 285 மில்லிக்குப் பெயர் ‘பாட்’. பப் வாசலில் ‘நோ தாங்ஸ்’ (no thongs) என்று எழுதியிருந்தால் ரப்பர் செருப்போடு உள்ளே விட மாட்டார்கள் என்று பொருள்.

யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டு “பிரிங் எ பிளேட்” என்றால் காலித் தட்டோடு போய் நிற்காதீர்கள். நாலைந்து பேர் பகிர்ந்து சாப்பிடுகிற அளவுக்கு ஒரு பதார்த்தம் செய்துகொண்டு போக வேண்டும். ‘பிஒய்ஓ’ (பிரிங் யுவர் ஓன்) என்றால் குடிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பார்பெக்யூவில் ஒரே இரும்புத் தட்டில்தான் எல்லாம் வேகும். சைவக்காரர்கள் கையோடு அலுமினியத் தாள் எடுத்துப் போய் அதன்மேல் வாட்டிக்கொள்வது உத்தமம். செலவைக் குறைக்க இன்னொரு வழி, பூங்காக்களில் இருக்கும் மின்சார அடுப்புகள். பல இடங்களில் இலவசம். பொத்தானை அழுத்தினால் சூடேறும், குறிப்பிட்ட நேரத்தில் தானே அணைந்துவிடும், மறுபடி அழுத்த வேண்டும். முடித்ததும் தட்டு ஆறுவதற்குள் சுரண்டித் துடைத்துவிட்டு வாருங்கள்; அடுத்தவருக்காக அதைச் செய்யாதவரைப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்களுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

ஞாயிறு காபிக் கடை பில்லில் 10 சதவீதம், அரசு விடுமுறையில் 15 சதவீதம் கூடுதலாக ஏறியிருப்பது சகஜம். பார்த்ததும் எரிச்சல் வரும், நியாயம்தான். அந்த நாட்களில் ஊழியர்களுக்குக் கூடுதல் சம்பளம் தர வேண்டுமென்று சட்டம் இருப்பதுதான் காரணம். சம்பளம் ஒழுங்காக வருவதால் டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தக் காசு மிச்சம்.

பேச்சில் எல்லாவற்றையும் குறைத்தே சொல்வார்கள். “நாட் பேட்” என்றால் பிரமாதம். “யெ, நா” (yeah, nah) என்றால் இல்லை. “நா, யெ” என்றால் ஆமாம், கடைசிச் சொல்தான் கணக்கு. “ஹவ் யா கோயிங்” என்பது வெறும் வணக்கம், “குட், யூ?” போதும். “ஷீல் பி ரைட்”, அதாவது ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். தேய்ந்த டயரைப் பார்த்து வாடகைக்குக் கார் விடுகிறவர் அதைச் சொன்னால் வேறு டயர் கேளுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் நல்லர்போர் சமவெளிச் சாலையில் கிழக்கே போகும்போது பல்லடோனியாவை விட்டால் அடுத்த ‘சர்வோ’, அதாவது பெட்ரோல் பங்க், சுமார் 180 கி.மீ. தள்ளி கைகூனாவில்தான்.

யாரும் யாருக்கும் மேல் இல்லை என்பதுதான் இந்த நாட்டின் குணம், எனக்கு அங்கே மிகவும் பிடித்ததும் அதுவே. பிரதமர் ஆல்பனீசையே ‘அல்போ’ என்கிறார்கள். ‘சார்’ போட்டால் நெளிவார்கள். டாக்சியில் தனியாக ஏறினால் பலர் டிரைவர் பக்கத்தில் முன் சீட்டில்தான் உட்காருவார்கள். ‘மேட்’ என்பது பொதுவாக அன்புதான். ஆனால் கடுப்பான குரலில் “லிசன், மேட்” என்று ஆரம்பித்தால் அது எச்சரிக்கை, வாதத்தை அங்கேயே நிறுத்துங்கள். பஸ்ஸில் பின் கதவு வழியாக இறங்குகிறவர்கள்கூட டிரைவருக்குக் கேட்கும்படி “தாங்க்ஸ்” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். நீங்களும் கொடுங்கள்.