8 பிட்டுக்குச் சுருக்கியதும் மாட்டிய ஓவர்ஃப்ளோ

சி மொழியில் எழுதிவரும் என் சின்ன ஸ்கிரிப்ட் மொழிக்கு, தானாக வளரும் அரே (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) முடிந்துவிட்டது என்றுதான் போன வாரம் நினைத்தேன். கொள்ளளவு 8-இல் தொடங்கும். இடம் போதாவிட்டால் 16, 32, 64 என்று இரட்டிப்பாகும். பத்து லட்சம் எண்களைப் போட்டுப் பார்த்தேன், ஒழுங்காக ஓடியது. எல்லையைத் தொட்டால் என்ன ஆகும் என்ற கேள்விதான் விடவில்லை. கொள்ளளவை வைத்திருப்பது 32 பிட் எண்ணில். அதன் உச்சம் 4294967295. அத்தனையையும் நிரப்ப என் லேப்டாப்பில் மெமரி கிடையாது.

சரி, எல்லையையே கீழே இறக்கலாம் என்று நீளம் (இப்போது உள்ள உறுப்புகளின் எண்ணிக்கை), கொள்ளளவு இரண்டையும் 8 பிட் ஆக்கினேன். இப்போது உச்சம் 255. 129ஆவது உறுப்பைச் சேர்த்ததும் புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது. க்ராஷ் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. புரோகிராமைப் படிப்படியாக ஓட்டிப் பார்க்க உதவும் டீபக்கரில் பார்த்தபோதுதான் தெரிந்தது: ‘தேவையான அளவு வரும்வரை இரட்டிப்பாக்கு’ என்ற லூப்பில் 128 இரட்டித்து 256 ஆகிறது, 8 பிட்டில் அது 0. உச்சத்தைத் தாண்டியதும் எண் சுற்றிப் பூஜ்யத்துக்கே வந்துவிடுகிறது, இந்தத் தாண்டல்தான் ஓவர்ஃப்ளோ. பூஜ்யத்தை எத்தனை முறை இரட்டித்தாலும் பூஜ்யம்தானே. 32 பிட்டிலும் 2147483648-க்கு மேல் கேட்டால் இதே கதிதான்.

இரட்டித்த விடை பழையதைவிடச் சிறியதா என்று ஒரு சோதனை போட்டேன். அது மாட்டவே இல்லை! இதற்கே ஒரு மாலை போனது. சி-யில் 8 பிட் எண்ணைக் கணக்கில் எடுத்ததும் அது இன்ட் (8 பிட்டைவிடப் பெரிய, சி-யின் வழக்கமான முழு எண் வகை) ஆகிவிடும். ஒப்பிடும்போது 256, திரும்ப எழுதும்போதுதான் 0. குறியுள்ள (மைனஸ் எண்களையும் ஏற்கும்) இன்ட்டில் இன்னும் மோசம்: அங்கே ஓவர்ஃப்ளோவுக்கு மொழியில் வரையறையே இல்லாததால், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் இப்படிப்பட்ட சோதனையையே நீக்கிவிடலாம்.

அப்புறம் பைட் கணக்கு. எனக்கு உண்மையில் பயம் தந்தது இதுதான். என் மொழியில் ஒரு மதிப்புக்கு 24 பைட். மொத்த பைட் அளவையும் 32 பிட்டில்தான் வைத்திருந்தேன். 178956971 உறுப்புகளுக்கு முன்கூட்டியே இடம் கேட்டால் பெருக்கல் 4294967304, சுற்றி வந்து மிஞ்சுவது 8. எட்டே பைட் வாங்கிக்கொண்டு கிட்டத்தட்ட 18 கோடி உறுப்புக்கு இடம் இருப்பதாக நம்பும் அரே, முதல் உறுப்பை எழுதும்போதே பக்கத்து மெமரியை அழித்துவிடும். விடை சிறியதா என்று பார்ப்பதும் இங்கே உதவாது. 20 கோடி உறுப்பு கேட்டால் சுற்றி வரும் விடை 505032704. அது 20 கோடியைவிடப் பெரியது, சோதனை தாண்டிவிடும்.

அதனால் பெருக்கிவிட்டுப் பார்ப்பதை விட்டேன், வகுத்துப் பார்த்துவிட்டுப் பெருக்குகிறேன். உச்சத்தை 24-ஆல் வகுத்து, கேட்ட எண்ணிக்கை அதைவிடப் பெரியதென்றால் உடனே பிழை. கொள்ளளவு உச்சத்தின் பாதியைத் தாண்டியிருந்தால் இரட்டிக்காமல் நேராக உச்சத்துக்கே போகிறது. நீளத்தோடு புதியவற்றைக் கூட்டுமுன், உச்சத்தில் அவ்வளவு மிச்சம் இருக்கிறதா என்று கழித்துப் பார்க்கிறேன். இந்தக் கூட்டலை நான் முதலில் கவனிக்கவே இல்லை. மெமரியின் அளவை மாற்றித் தரும் சி-யின் ரீஅலாக் தரும் முகவரியையும் முதலில் தனி மாறியில் வாங்குகிறேன். அது தோற்றால் பழைய அரே பத்திரமாக இருக்கும்.

சி மொழியின் சி23 தரத்தில் இதற்கென்றே, ஓவர்ஃப்ளோ ஆனதா என்று சொல்லும் பெருக்கலான சிகேடி_மல் வந்திருக்கிறது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில், பெருக்கலைச் சோதித்துவிட்டு இடம் தரும் ரீஅலாக்அரே இருக்கிறது. முதல் தடவை கையால் எழுதியதில் எனக்கு வருத்தமில்லை, எந்த இடத்தில் உடைகிறது என்று தெரிந்தது.

இப்போது 8 பிட் பில்டில் (8 பிட் எல்லையோடு தொகுத்த பிரதியில்) 255 உறுப்பும் நிரம்புகிறது, 256ஆவதுக்குப் பிழைச் செய்தி வருகிறது. அந்த பில்டை எடுக்காமல் டெஸ்ட்டுகளோடு வைத்துவிட்டேன். சரங்களை ஒட்டும் இடத்திலும் இதே கூட்டல் இருக்கிறது. அடுத்து அதைத்தான் திறக்கிறேன்.