முக்திநாத் ஏற்றமும் 30 மில்லிமீட்டரும்

டிராவலை, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) அமுங்கக்கூடிய தூரத்தை, கூட்டிக் குறைக்கிற ஃபோர்க் மலை சைக்கிளுக்குத் தேவையா என்று யாராவது கேட்டால், நீங்கள் ஏறப்போகிற ஏற்றம் எவ்வளவு நீளம் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். நேபாளத்தில் காக்பேனியிலிருந்து முக்திநாத் போகிற மாதிரி ஏற்றம் என்றால் கண்டிப்பாகத் தேவை. காக்பேனி சுமார் 2,800 மீட்டர், முக்திநாத் 3,700க்கும் மேல், நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

என்னுடையது ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் டூயல் பொசிஷன் ஏர் வகை, உள்ளே அடைத்த காற்றுதான் ஸ்பிரிங். 160 மி.மீ., 130 மி.மீ. என்று இரண்டே நிலை. ஃபோர்க்கின் இடது காலின் உச்சியில் இருக்கும் குமிழைத் திருகி, ஹேண்டில்பார் மேல் எடையைப் போட்டு அமுக்கினால் ஃபோர்க் இறங்கி அங்கேயே நின்றுவிடும். 30 மி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் ஃபோர்க் 20 மி.மீ. குறைந்தால் ஹெட் ஆங்கிள் (ஹேண்டில்பார் திரும்பும் அச்சின் சாய்வு) ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிர்கிறது, ஹேண்டில்பாரும் இறங்குகிறது, உடம்பின் எடை முன்னால் போகிறது, செங்குத்தான வளைவில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் அலைவது நின்றுபோகிறது. காற்று மெலிந்த இடத்தில், சக்கரத்தை நேராகப் பிடிக்கச் செலவாகிற தெம்பு மிச்சமாவது சின்ன விஷயம் இல்லை. இதற்கு ஒரு விலை உண்டு: பெடல்கள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்கின்றன. தார் ரோட்டில் கவலை இல்லை, ஆனால் ஜார்கோட் பக்கம் கல் பாதையில் நுழைந்ததும் பெடல் டங் டங் என்று இடிக்க ஆரம்பித்தது. ஏற்றமாகவே இருந்தாலும் 160க்கு மாற்றிவிட்டேன்.

முக்திநாத் கோயிலுக்குக் கீழே இருக்கும் ராணிபவுவாவில் தமிழ்க் குரல்கள் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமம் இதுதான் என்பதால், 108 தாரைகளில் நனைய நம்மூர்க்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். "இதுல மிதிச்சா வந்தேள்? ஜீப் கிடைக்கலையா?" என்று ஒரு மாமி உண்மையான கவலையோடு கேட்டார். கிடைக்கும் மாமி, என்ன செய்வது.

மறுநாள் காலை லுப்ரா கிராமம் வழியாக இறக்கம். இங்கேதான் டிராவலைவிட ஃபோர்க்குக்குள் இருக்கும் காற்றழுத்தம் முக்கியமாகிறது. பொக்காராவில் (800 மீட்டர் சொச்சம்) ஃபோர்க்கில் அடித்த காற்று மேலே வந்தால் பம்ப்பில் 4 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) போலக் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் வெளியே வளிமண்டல அழுத்தம் குறைந்துவிட்டது. அதே சமயம் விடிகாலைக் குளிர் உள்ளே இருக்கும் காற்றைச் சுருக்கி, அதே அளவோ அதற்கு மேலோ இறக்கிவிடும். எனவே பம்ப் காட்டுகிற எண்ணை நம்பி உட்காராமல், பையோடு சைக்கிளில் ஏறி நின்று ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று ஃபோர்க் காலில் மாட்டியிருக்கும் ரப்பர் வளையம் நகர்ந்த தூரத்தை வைத்துப் பார்ப்பதே சரி. 160க்கு 32 மி.மீ., அதாவது ஐந்தில் ஒரு பங்கு அமுங்கினால் எனக்குப் போதும். ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்குள் அடைபட்ட காற்று வேறு இருக்கிறது. உயரத்தில் அது ஃபோர்க்கை விறைப்பாக்கும். சில புது ஃபோர்க்குகளில் அதை வெளியேற்றப் பொத்தானே உண்டு. இல்லாதவர்கள் மெல்லிய பிளாஸ்டிக் டையை, தூசி போகாமல் தடுக்கும் ரப்பர் சீலுக்கு அடியில் நுழைத்து உஸ்ஸென்று விடுவார்கள், சீல் கிழியாமல் செய்யக் கை பழகியிருக்க வேண்டும்.

லுப்ரா பாதை சரளையும் உதிர்ந்த பலகைக் கல்லுமாக, ஒரு பக்கம் பள்ளத்தோடு இறங்குகிறது. 160 முழுசாக வேண்டும், ரீபவுண்டையும், அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தையும், இரண்டு கிளிக் கூட்டினேன். அடுத்தடுத்து வருகிற கற்களில் ஃபோர்க் மீள்வதற்குள் அடுத்த அடி விழுந்தால், எத்தனை டிராவல் இருந்தும் பாதிதான் கையில் இருக்கும். கூட வந்த நண்பருக்கு 120 மி.மீ. ஃபோர்க், மாற்ற முடியாத வகை. அவரும் இறங்கினார், என்னைவிட மெதுவாக, ஆனால் ஒரு இடத்திலும் இறங்கித் தள்ளவில்லை. டிராவலைக் கூட்ட அவருக்கு ஆசைதான், அதற்கு ஃபோர்க்குக்குள் டிராவலைத் தீர்மானிக்கும் தண்டான ஏர் ஷாஃப்டையே மாற்ற வேண்டும், பிரேம் அதைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

கீழே காளி கண்டகி ஆற்றுப் படுகையில் பதினொரு மணிக்கு மேல் தெற்கிலிருந்து காற்று கிளம்பிவிடும். ஜோம்சோம் திரும்பும்போது அது நேராக முகத்தில் அறைகிறது. படுகை தட்டை, பெரிய கல் குறைவு. குமிழைத் திருகி 130க்கு இறக்கி, தாழ்ந்த ஹேண்டில்பாரில் குனிந்து மிதித்தேன். ஃபோர்க் செய்தவர்கள் இதற்காகவா அந்தக் குமிழை வைத்தார்கள் தெரியாது, வேலை செய்தது.