போண்டாய் கடற்கரையும் ஒரு சாண் துணியும்

சிட்னியின் சர்க்குலர் கீயில் 333ஆம் எண் பேருந்தில் ஏறி போண்டாய் கடற்கரைக்குச் சென்றபோது, என் பையில் முழங்கால் வரை நீளும் நைலான் அரைக்கால் சட்டை ஒன்று இருந்தது. அதை அணிந்து மணலில் இறங்கிச் சுற்றிலும் பார்த்தேன். இளைஞர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே தொடையை மூடியிருக்க, இடுப்பில் ஒரு சாண் துணியோடு நிமிர்ந்து நடந்தவர்கள் அறுபதைக் கடந்தவர்களாக இருந்தார்கள். இதென்ன தலைகீழ் வழக்கம் என்று தேடத் தொடங்கியதில், அன்று நீந்தியதைவிடப் படித்ததே அதிகமாயிற்று.

1838ஆம் ஆண்டின் சட்டப்படி, காலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையே பிறர் கண்ணில் படும்படி இங்கே கடலில் குளிப்பதே குற்றம். 1902 அக்டோபரில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியர், தம் பத்திரிகையில் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, பட்டப்பகலில் சிட்னியின் மேன்லி கடலில் இறங்கினார். மறு ஆண்டே அவ்வூர் நகராட்சி பகல் குளியலை அனுமதித்தது. ஆனால் கழுத்திலிருந்து முழங்கால் வரை உடல் மூடியிருக்க வேண்டும் என்றது.

அதுவும் போதவில்லை. 1907இல் போண்டாய் அடங்கிய வேவர்லி நகராட்சியின் மேயர் ஆர்.ஜி. வாட்கின்ஸ், ஆண்களும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை பாவாடை போன்ற ஒன்றை அணிய வேண்டும் என்ற விதியை முன்வைத்தார். அலைக்குள் அந்தத் துணி காலைச் சுற்றினால் என்னவாகும் என்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாள், போண்டாய், மேன்லி, கூஜி ஆகிய மூன்று கரைகளிலும் ஆண்கள் வீட்டுப் பெண்களின் உள்பாவாடைகளையும் திரைச்சீலைகளையும் சுற்றிக்கொண்டு ஊர்வலம் போய், பார்க்க வந்த ஆயிரக்கணக்கானோரைச் சிரிக்க வைத்தார்கள். பாவாடை விதி அந்தச் சிரிப்பிலேயே கரைந்துபோனது. எத்தனை மனுக்கள் கொடுத்திருந்தாலும் இது நடந்திருக்குமா என்பது ஐயமே.

அக்காலத்து உடைகள் கம்பளிப் பின்னலால் ஆனவை. நனைந்தால் நீரை உறிஞ்சிக் கனத்துத் தொங்கும். ஸ்காட்லாந்திலிருந்து வந்த அலெக்சாண்டர் மெக்ரே, 1914இல் சிட்னியில் உள்ளாடை நெய்யத் தொடங்கிய தம் ஆலையில், பின்னர் தோளும் முதுகும் திறந்த நீச்சலுடையைத் தயாரித்தார். அதற்கு ஸ்பீடோ என்ற பெயர் வந்தது 1928இல். ஆனால் 1935இல் வந்த மாநில விதி, உடையின் கால்பகுதி மூன்று அங்குலமாவது இருக்க வேண்டும், அக்குள் மட்டத்திலிருந்து உடலின் முன்புறம் மூடப்பட வேண்டும் என்று மீண்டும் அளவுகோலை எடுத்தது. அந்த விதி 1961 வரை நீடித்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் பீட்டர் டிராவிஸ். ஸ்பீடோ நிறுவனம் ஹவாய் பாணிக் கடற்கரைச் சட்டைகளைக் கேட்க, அவரோ நீந்துவதற்கான உடையே செய்வேன் என்று, இடையில் அல்லாமல் இடுப்பெலும்பில் நிற்கும் குட்டை உடையை வடிவமைத்தார். 1961இல் அதை அணிந்து போண்டாய்க்கு வந்தவர்களைக் கடற்கரை மேற்பார்வையாளர் ஆப் லெய்ட்லா பிடித்துக் கொடுத்தார். மறைக்க வேண்டியவை மறைந்தே இருந்தன என்பதால் வழக்கு நிற்கவில்லை. அந்த உடைக்கு உள்ளூர் மக்கள் வைத்த பெயர் 'பட்ஜி ஸ்மக்ளர்ஸ்', அதாவது சின்னக் கிளியை ஒளித்துக் கடத்துகிறவர்கள்.

பந்தயக் குளங்களிலோ நிலைமை நேர்மாறானது. உடல் முழுவதையும் இறுக்கும் பாலியூரித்தேன் உடைகளால் 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் விழ, 2010 முதல் ஆண்களின் உடை தொப்புளுக்கு மேலோ முழங்காலுக்குக் கீழோ போகக்கூடாது என்று விதி வந்தது. அதிகமாக மூடினால்தான் இப்போது தண்டனை.

மறுநாள் காலை, 1929இல் தொடங்கப்பட்ட ஐஸ்பெர்க்ஸ் நீச்சல் சங்கத்தின் கடல்நீர்க் குளத்தில் ஒரு முதியவர் என் அரைக்கால் சட்டையைக் கண்டு, "இது நீந்தவா, கடைக்குப் போகவா?" என்று கேட்டார். கோவணத்தோடு கிணற்றில் குதித்தவரின் பேரன் நான். ரோஷம் வந்து, மாலையே கறுப்பு நிறத்தில் ஒரு ஸ்பீடோ வாங்கிவிட்டேன். விடுதி அறைக் கண்ணாடிக்கு அப்பால் அது இன்னும் போகவில்லை.