விரல் வைத்த இடம்

டிரங்குப் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, அதற்குள் இருந்த இன்னொரு பையையும் பிரித்து, பத்திரத்தை என் மடியில் வைத்தார் அந்த ஆயா.

"இதான் ஏம்பேரு தம்பி."

அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் விரல் சரியாக அந்த வரியில் போய் நின்றது. அந்த இடத்தில் மட்டும் மை தேய்ந்திருந்தது. எத்தனை தடவை தொட்டிருப்பார்!

நாகை பக்கம் ஒரு கிராமம். நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தரும் லாஃப்டி அமைப்பு மூலமாக வந்த நிலம் அது. 1968இல் கீழ்வெண்மணியில் 44 தலித் உயிர்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்ட பிறகு இந்தப் பகுதிக்கு வந்த காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் தொடங்கிய இயக்கம். நிலக்காரர்களிடம் பேசி, விலை முடித்து, கடனுக்கு அலைந்து, பெண்கள் பெயரில் பதிந்தார்கள்.

என் கையில் மதிப்பீட்டுப் படிவம். எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம், எத்தனை கூட்டம்...

சரி, கணக்கு கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நிலம் அடகு போகாமல் இருக்கிறதா, வாய்க்கால் தண்ணீர் அதுவரை வருகிறதா, கூட்டத்தில் அவர் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் யாராவது காது கொடுக்கிறார்களா, இதற்கெல்லாம் அதில் கட்டமே இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போது கேட்டேன், விற்கச் சொல்லி யாரும் வரவில்லையா என்று.

"மூத்தவன் கேட்டான். கைநாட்டு நாந்தானே வைக்கணும்?"

சொல்லிக்கொண்டே பத்திரத்தை மடித்து, முதல் பைக்குள் வைத்தார். அப்புறம் இரண்டாவது பை.