44 மில்லிமீற்றர் மழை

எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டதும் பரிசளிப்பு விழாவோ விளையாட்டுப் போட்டியோ நினைவுக்கு வரவில்லை. ஒரு புனலும் ஒரு போத்தலும்தான் வந்தன.

அப்போது நாங்கள் ஆண்டு 8. விஞ்ஞான பாடம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே மழை பிடித்துக்கொண்டது. கூரைச் சத்தத்தில் சேர் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. அவரும் வெண்கட்டியை வைத்துவிட்டு யன்னலோரம் போய் நின்றார். மழை விட்டதும் திரும்பி, "இந்தக் கூரையில இருந்து இப்ப எவ்வளவு தண்ணி விழுந்திருக்கும்?" என்று கேட்டார். ஒருவன் பத்து வாளி என்றான். இன்னொருவன் ஒரு கிணறு நிறைய என்றான். இரண்டையும் கரும்பலகையில் எழுதினார். எது சரி, எது பிழை என்று சொல்லவில்லை. "மூண்டு கிழமை தாறன். கண்டுபிடியுங்கோ. எப்படிக் கண்டுபிடிச்சனீங்கள் எண்டு பக்கத்து வகுப்புக்கும் சொல்லவேணும்."

நாலைந்து பேராகக் குழு பிரிந்தோம். மழையை அளக்க எங்கள் குழு செய்த கருவி பார்வைக்கு அழகானது. 10 சென்ரிமீற்றர் வாயுள்ள புனல், அதன் கீழே 5 சென்ரிமீற்றர் அகலமான நேர்ப் போத்தல், பக்கத்தில் ஒட்டிய அடிமட்டம். அடுத்த குழுவிடம் மூடி கழற்றிய தகரப் பேணி ஒன்று மட்டும். அவர்களைப் பார்த்துச் சிரித்தோம்.

அடுத்த மழைக்கு எங்கள் போத்தலில் 44 மில்லிமீற்றர். பேணியில் 11. மரத்தடியில் வைத்த மூன்றாவது குழுவுக்கு 4. ஒரே முற்றம், ஒரே மழை! "சேர், எது சரி?" என்று ஓடினோம். "எனக்கு எப்படித் தெரியும்? நான் மழையில நிக்கேல்லையே" என்றார்.

அவருக்குத் தெரியும். இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்திருக்கலாம். ஒரு கிழமைக்கு மேல் சொல்லாமலே இருந்தார். நாங்கள் அடிமட்டத்தை மாற்றினோம், போத்தலைக் கழுவினோம், பேணிக்காரர் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கும் போனோம். கடைசியில் எங்கள் குழுவில் அதிகம் பேசாத ஒருத்தி பேணித் தண்ணீரை எங்கள் போத்தலுக்குள் ஊற்றிப் பார்க்கலாம் என்றாள். பேணியின் வாயும் ஏறத்தாழ எங்கள் புனலளவுதான். ஊற்றினோம். தண்ணீர் 44 வரை ஏறியது. அகலமான வாயால் பிடித்ததை ஒடுங்கிய போத்தலில் அளந்திருக்கிறோம். விட்டம் இரண்டு மடங்கு என்றால் பரப்பு நாலு மடங்கு. வட்டத்தின் பரப்பைக் கணித பாடத்தில் படித்து, பரீட்சையில் புள்ளியும் வாங்கியிருந்தோம். அது இந்தப் போத்தலுக்குள்ளும் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மரத்தடிக் குழுவும் இடம் மாறியது. மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு மடங்காவது மழைமானி தள்ளி இருக்கவேண்டும் என்று பிறகுதான் சேர் சொன்னார். கேட்கும் பக்குவத்துக்கு நாங்கள் வந்த பிறகு என்று இப்போது புரிகிறது.

கூரையை அளப்பதில் இன்னொரு சண்டை. கூரை சாய்வானது, ஆகவே ஓட்டின் நீளத்தைத்தான் எடுக்கவேண்டும் என்று நான் வாதாடினேன். சேர் உச்சி வெயிலுக்கு எங்களை வெளியே கூட்டிப்போய், ஒரு கொப்பியை மட்டமாகவும் அப்புறம் சாய்த்தும் பிடிக்கச் சொன்னார். "நிழலைப் பார்." சாய்த்தபோது நிழல் சிறுத்தது. நேராக விழும் மழைக்கும் அதே கணக்குத்தான். எனவே கூரை தரையில் மறைக்கும் இடத்தை மட்டும் எடுத்தோம்: 24 மீற்றருக்கு 8, அதாவது 192 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 லீற்றர். 11 மில்லிமீற்றருக்கு 2112 லீற்றர். ஓடு நனைவதும் தெறிப்பதும் போக, கைக்கு வருவது கொஞ்சம் குறையும். பத்து வாளி சொன்னவன் அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். காலை 7 மணிக்கு அளவெடுப்பது என் முறை. ஒருநாள் தூங்கிவிட்டு அட்டவணையில் 0 என்று எழுதினேன். மற்ற இரண்டு குழுவிலும் 6. சேர் என்னைத் திட்டவில்லை, மூன்று அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

இப்போது என் மகளின் பாடசாலையில் இதைச் செயற்றிட்டவழிக் கற்றல் என்று புதுமைபோலச் சொல்கிறார்கள். அமெரிக்கக் கல்வியியலாளர் ஜோன் டூயி சிக்காகோவில் 1896 இலேயே பரிசோதனைப் பள்ளி தொடங்கி, பிள்ளைகளைத் தைக்கவும் சமைக்கவும் மரவேலை செய்யவும் விட்டுப் பாடம் நடத்தினார். அவர் வழிவந்த வில்லியம் கில்பாட்ரிக் 1918 இல் 'செயற்றிட்ட முறை' என்று கட்டுரையே எழுதினார். எங்கள் சேர் இவர்களைப் படித்திருந்தாரா, தெரியாது. ஆனால் மகள் கொண்டுவரும் செயற்றிட்டங்களில் பாதி, பெற்றோர் இரவிரவாக ஒட்டிக் கொடுக்கும் மாதிரியுருக்கள். என்ன செய்யவேண்டும், எந்த நிறத்தில் செய்யவேண்டும் என்பதுவரை தாளில் அச்சடித்து வருகிறது. பிழை விட அதில் இடமே இல்லை.

எங்கள் முறைக்கும் விலை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. அந்தத் தவணையின் கடைசி இரண்டு அலகுகளை ஓட்டமாய் ஓடி முடித்தோம். பெற்றோர் சிலர் முறையிட்டார்கள். எந்தக் குழுவிலும் ஒருவர் சும்மா இருந்து பெயர் வாங்கினார். மூன்று கிழமையும் குடை மட்டும் பிடித்த ஒருவர் இன்று இந்தச் சங்கத்தில்தான் இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன்.

முடிவை ஒரு பெரிய மட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டோம். 44 ஐ அழித்துவிட்டு எழுதப் போனபோது சேர் விடவில்லை. அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் 11, கீழே அந்தப் போத்தலின் படம். பாடசாலையை விட்டு வரும்வரை அந்த மட்டை ஆய்வுகூட அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. யாராவது அதை எடுத்து வைத்திருந்தால், அல்லது ஒரு படமாவது பிடித்திருந்தால், தயவுசெய்து மலர்க் குழுவுக்கு அனுப்பிவையுங்கள்.