சிவப்பு நிற்க வேண்டுமானால் தண்ணீரைப் பாருங்கள்

ஒரே செம்பருத்திச் செடிதான். சித்திரையில் பூத்ததையும் மார்கழியில் பூத்ததையும் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு வேறு ரகம் என்றே சொல்வோம். சித்திரைப் பூ சிறுத்து, வெளிறி, ஓரம் சுருண்டிருக்கும். மார்கழிப் பூ உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து குங்குமம் அப்பியது போல் நிற்கும். செம்பருத்தி, ரோஜா இரண்டுக்கும் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்ற சாயம். கடும் வெயிலில் செடி அதைக் குறைவாகச் செய்யும், செய்ததும் சீக்கிரம் சிதையும். எனவே மே மாதத்தில் நிறம் மங்கினால் உரத்தை அள்ளிப் போடாதீர்கள். குறை உரத்தில் இல்லை.

அந்தச் சாயத்தைக் கண்ணால் பார்க்கலாம். செம்பருத்தி இதழ் ஒன்றை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேயுங்கள். சிவப்பு வராது, ஊதா கலந்த நீலம்தான் ஒட்டும். அதில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பளிச்சென்று ரோஸ் நிறமாகும். இன்னொரு பக்கம் ஆப்பசோடா கரைத்த நீரை விட்டால் பச்சையை நோக்கிப் போகும். குழந்தைகளுக்குச் செய்து காட்டுங்கள், ஒரு வாரத்துக்குச் செடியை விட்டு நகர மாட்டார்கள். காகிதப்பூ, டேபிள் ரோஸ், கோழிக்கொண்டை ஆகியவற்றில் இருப்பது வேறு குடும்பத்துச் சாயம், பீட்ரூட்டில் உள்ள பீட்டாலெயின் வகை. அதில் எலுமிச்சை இந்த வித்தையைக் காட்டாது.

மதுரையில் சிவப்புப் பூச்செடி வளர்ப்பவர்களைப் பெரும்பாலும் தோற்கடிப்பது வெயில் அல்ல, தண்ணீர். மல்லிகைக்குப் பேர்போன ஊர் என்றாலும் பல தெருக்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பும் சுண்ணமும் கலந்தது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்து நிற்கிறதே, அது அந்த உப்புதான். இந்தத் தண்ணீரையே மாதக்கணக்கில் ஊற்றினால் மண்ணின் காரத்தன்மை ஏறும். ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காத வடிவத்துக்கு மாறிவிடும். அடையாளம் சுலபம்: கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலை போல் தெரியும். அடி இலை முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்து (நைட்ரஜன்) குறை, வேறு கதை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு யூரியா போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

இரும்புக் குறைக்கு அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) போதும். 1 லிட்டர் நல்ல தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள்), பிறகு 5 கிராம் அன்னபேதி. கரைசல் வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். செம்பழுப்பாகத் திரும்பிவிட்டால் இரும்பு துருவாகிவிட்டது, அதை அடித்துப் பலனில்லை. மாலை 5 மணிக்கு மேல், இலையின் இருபுறமும் நனைய அடியுங்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. புதிதாக வரும் கொழுந்தைப் பார்த்துத்தான் பலனை அளக்க வேண்டும், முற்றி மஞ்சளான இலை முழுசாகப் பச்சைக்குத் திரும்பாது. தரையில் சிந்தினால் டைல்ஸில் துருக்கறை போகவே போகாது, தொட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு அடியுங்கள்.

ஆனால் மருந்து அடித்துக்கொண்டே உப்பையும் ஊற்றினால் என்ன பயன்? மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது இல்லை. அடுத்தது ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவது என்பதால் அதில் உப்பே கிடையாது என்று சொல்லலாம், இட்லிப்பூச் செடிக்கு அமிர்தம். தப்பித் தவறியும் ஊற்றக்கூடாதது ஆர்ஓ கருவி கழித்துவிடும் நீர். வீணாகிறதே என்று செடிக்கு விடுகிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆழ்குழாய் நீர் ஒன்றுதான் வழி என்றால், 20 நாளுக்கு ஒரு முறை தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நீரை மெதுவாக விட்டு அடியில் வடியவிடுங்கள். சேர்ந்த உப்பில் பெரும்பகுதி கரைந்து போய்விடும். தினமும் மேலாகக் கொஞ்சம் தெளிப்பதுதான் உப்பை மேல்மண்ணில் குவிக்கும்.

இதே காரணத்தால் இணையத்தில் சொல்லும் சில யோசனைகள் நம் ஊருக்கு ஒத்துவராது. முட்டை ஓடு சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் காரம். ஏற்கெனவே காரத்தில் தவிக்கும் மண்ணுக்கு இரண்டும் வேண்டாம். எலும்புத் தூளும் கை நிறைய வேண்டாம், அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்தால் அதுவும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சுவரை ஒட்டிக் குழி எடுப்பவர்கள், வீடு கட்டியபோது விழுந்த சிமெண்ட், சுண்ணாம்புக் கழிவு கிடக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். கிடந்தால் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி மண்ணை எடுத்துவிட்டு வேறு மண் போட வேண்டும்.

மண் கலவை: செம்மண் 2 பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் 1 பங்கு, தேங்காய் நார்த்தூள் 1 பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்த்தூள் கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவிய பிறகே சேர்க்கவும். அதிலும் உப்பு உண்டு. கண்மாய்க் கரம்பை சத்துள்ளது, நிலத்துக்கு அருமை. தொட்டியில் மட்டும் கால் பங்குக்கு மேல் போனால் காய்ந்ததும் கல்லாகி, தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடுவேர் நனையாது.

செம்பருத்தியில் நாட்டு ரக ஒற்றை அடுக்குச் சிவப்பை மிஞ்ச எதுவும் இல்லை. கலப்பின ரகங்களின் பூ பெரிதுதான், ஆனால் நம் வெயிலுக்கும் மாவுப்பூச்சிக்கும் சீக்கிரம் சாய்கின்றன. 14 அங்குலத் தொட்டி, 6 மணி நேர வெயில் வேண்டும். புரட்டாசியில் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் ஐப்பசி மழையில் துளிர்த்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் மொட்டு வைக்கும். பூ புதுக்கிளையில்தான் வரும், வெட்டப் பயப்பட வேண்டாம். 15 நாளுக்கு ஒரு முறை கடலைப் புண்ணாக்கு ஊறல்: 100 கிராமை 1 லிட்டர் நீரில் 3 நாள் ஊறவைத்து, வடித்து, பத்து மடங்கு நீர் கலந்து தொட்டிக்கு அரை லிட்டர். மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்து காய்ந்து நனைவதும், சொதசொதவென்று நிற்பதும் இரண்டுமே மொட்டை உதிர்க்கும். மண் சரியாக இருந்தும் உதிர்ந்தால் மொட்டைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே நூல் போல் இலைப்பேன் ஓடும்.

மாவுப்பூச்சிதான் பெரிய எதிரி. 2008 வாக்கில் தமிழ்நாட்டுக்குள் வந்த பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விடவில்லை. 2010இல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது அடங்கியது. வீட்டில் வந்தால் முதலில் குழாயைத் திறந்து வேகமான தண்ணீரில் அடித்துத் தள்ளுங்கள். சுருண்ட நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு 5 மில்லி வேப்பெண்ணெயை 2 மில்லி சோப்புக் கரைசலில் குழைத்து, அதன் மேல் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கலக்கவும். தண்ணீரில் நேராக எண்ணெயை விட்டால் மிதந்து, அடித்த இடத்தில் இலையைக் கருக்கும். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். எறும்பைத் தடுக்காமல் பூச்சி போகாது. பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. தொட்டிக் கால்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள்.

அடிக்கும் முன் கூர்ந்து பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதைவிடப் பெரிதாக, சடை சடையாக வெள்ளை மெழுகு தொங்க, வேகமாக நகரும் ஒன்று இருந்தால் அது பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்று தீர்க்கத்தான் அது அந்த வேடம் போட்டிருக்கிறது. அதைக் கண்டால் மருந்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள்.

ரோஜாவில் பன்னீர் ரோஜா என்று நாம் சொல்லும் ரோஸ் நிறப் பூவுக்குத்தான் எங்கள் ஓட்டு. கவரில் வரும் ஒட்டு ரோஜா வாங்கினால் ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே 2 அங்குலம் தெரிய நடுங்கள். முடிச்சுக்குக் கீழிருந்து வரும் குருத்து காட்டு ரோஜா, அடியோடு பிய்த்து எடுங்கள். விட்டால் ஒரு வருடத்தில் செடி முழுக்க அதுவாகிவிடும், ‘சிவப்பு வாங்கினேன், வெள்ளையாகப் பூக்கிறது’ என்ற புகாருக்கு இதுவே காரணம். கவாத்து, கனமழை ஓய்ந்ததும். வெளிப்புறம் பார்க்கும் மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே சாய்வாக வெட்டி, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சாண மருந்தைப் பசை போல் குழைத்து வெட்டுவாயில் தடவவும். தடவாமல் விட்ட கிளைதான் நுனியிலிருந்து கருகிக் கீழே இறங்கும். வெட்டிய 45 நாள் அளவில் பூ. சித்திரை, வைகாசியில் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிட்டு, 50 சதவீத நிழல் வலைக்குக் கீழே செடியை ஓய்வெடுக்க விடுங்கள். அந்த வெயிலில் ரோஜாவைப் பூக்க வைப்பது செடியை வதைப்பது.

காகிதப்பூவுக்கு நேர்மாறு. செல்லம் கொடுத்தால் இலை மட்டுமே தரும். இலை தொங்கும் வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு ஊற்றி, இப்படி மூன்று நான்கு சுற்று போனால் கிளை முழுக்க நிறம் வந்துவிடும். பெரிய தொட்டிக்கு மாற்ற அவசரம் வேண்டாம். டேபிள் ரோஸுக்கு 3 அங்குலத் துண்டைக் கிள்ளி மண்ணில் செருகினாலே போதும், நேர் வெயில் இல்லாத இடத்தில் மட்டும் பூ வாய் திறக்காது. அடினியத்தை ஐப்பசி மழையில் நனைய விடாதீர்கள். அடிக்கிழங்கை அழுத்தினால் கொழகொழ என்று இருந்தால் அழுகல், கெட்டதை முழுக்கச் சீவி, ஒரு வாரம் நிழலில் காயவைத்து மணல் மிகுந்த கலவையில் திரும்ப நடலாம்.

வாசல் வளைவுக்கு ரங்கூன் மல்லியைவிட அழகு எது? அந்தியில் வெள்ளையாக விரியும், மறுநாள் ரோஸ், அதற்கடுத்த நாள் சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறம், இரவெல்லாம் மணம். வேரிலிருந்து கன்று எழும்பிக்கொண்டே இருக்கும், சாக்கடைக் குழாய், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

செவ்வரளி நான்குவழிச் சாலையின் நடுவில் வண்டிப் புகையிலும் பூத்துக் குலுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டிலும் அவ்வளவு எளிது. ஆனால் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் விஷம். கவாத்துக் கழிவை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது. வெட்டிய பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிறு குழந்தை உள்ள வீடானால் இந்தச் செடியைத் தள்ளிப்போடுங்கள்.

செங்காந்தளும் விஷச்செடிதான், கிழங்கிலும் விதையிலும் கால்ச்சிசின் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வளர்ப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் தரும் சிவப்பு கிடையாது. நம் மாநில மலர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக வயலிலேயே பயிரிடுகிறார்கள். கலப்பை போல் இரண்டாகப் பிரிந்த கிழங்கை ஆடியில், 2 அங்குல ஆழத்தில் படுக்கையாக வையுங்கள். 50 கிராமுக்குக் குறைந்த கிழங்கு பெரும்பாலும் முதல் வருடம் பூக்காது. ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு. எடுக்கும்போது நுனி ஒடிந்தால் அந்தக் கிளை அந்த வருடத்துக்குப் போயிற்று. இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும், எனவே பருத்த கம்பு வேண்டாம், மெல்லிய குச்சியோ கம்பி வலையோ கொடுங்கள். பூ பச்சையாகத் தலைகுனிந்து வரும், இதழ்கள் மேல்நோக்கி மடங்கி, அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகி, கடைசியில் முழுச்சிவப்பாக எரியும். கருப்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளியிட்ட புழு வந்தால் அன்றே கையுறை போட்டுப் பொறுக்கிவிடுங்கள், இரண்டு இரவில் கொடியை மொட்டையாக்கும். பூத்து முடிந்து கொடி காய்ந்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், கிழங்கு அடுத்த ஆடி வரை உறங்கும்.

பூத்த செடியிலிருந்து நாலு பேருக்குக் குச்சி கொடுங்கள். செம்பருத்தி, அரளி, ரங்கூன் மல்லி மூன்றுக்கும் பென்சில் கனத்தில், 6 முதல் 8 அங்குல நீளத்தில், நாலு கணு உள்ள குச்சி. அடியைக் கணுவுக்குக் கீழே சாய்வாகவும் நுனியைத் தட்டையாகவும் வெட்டினால் வாங்குகிறவர் தலைகீழாக நட மாட்டார். மேலே இரண்டு இலையை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி, வேப்பெண்ணெய்க் கரைசலில் ஒரு முறை முக்கி எடுங்கள். குச்சியோடு மாவுப்பூச்சியையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது அல்லவா. ஈரத்துணியில் சுற்றி, வாழை மட்டையிலோ பாலிதீன் பையிலோ வைத்தால் இரண்டு நாள் தாங்கும். எந்த நிறம் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கட்டிவிடுங்கள்.