லக்சம்பர்க்கில் படிக்க: எந்தக் காகிதம் முதலில்?

லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தில் இளங்கலைக்கு முதல் இரண்டு செமஸ்டருக்குத் தலா 400 யூரோ, அதன்பின் 200 யூரோ. இந்தக் கட்டணத்தைப் பார்த்ததும் விண்ணப்பிக்க இறங்கிவிடாதீர்கள். பாடத்திட்டப் பக்கத்தில் பயிற்று மொழி என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 2003இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் மூன்றிலும் பாடம் நடக்கும். இருமொழிப் படிப்பு என்றால் விருப்பமான மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே செமஸ்டரில் ஒரு பாடம் பிரெஞ்சிலும் அடுத்தது ஆங்கிலத்திலும் இருக்கும், தேர்வும் அப்படியே. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு, முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் முதுகலைதான் சரியான வழி. இளங்கலை மாணவர்கள் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு. அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது சான்றிதழ். இந்தியச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம் வாங்கி, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் முத்திரை, பெற வேண்டும். இளங்கலைக்குப் பிளஸ் டூ சான்றிதழை லக்சம்பர்க் கல்வி அமைச்சகம் இணையானது என ஏற்க வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும், எனவே சேர்க்கை முடிவுக்காகக் காத்திருக்காமல் தொடங்கிவிடுங்கள்.

சேர்க்கைக் கடிதம் வந்ததும் லக்சம்பர்க் குடிவரவுத் துறையிடம் தற்காலிகத் தங்கல் அனுமதி கேளுங்கள். கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களின் சான்றளித்த நகலும், செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரமும், மருத்துவக் காப்பீடும் வேண்டும். வெற்றுப் பக்கம்தானே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அதனாலேயே விண்ணப்பம் முழுமையில்லை என்று திரும்பி வரும். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் நீண்ட காலம் தங்குவதற்கான டி வகை விசா. சுற்றுலா விசாவில் போய் இறங்கி அங்கிருந்து விண்ணப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நாட்டுக்குள் நுழையும் முன்பே அனுமதி கையில் இருந்தாக வேண்டும்.

போய்ச் சேர்ந்த மூன்று வேலை நாளுக்குள் கொம்யூன் எனப்படும் உள்ளாட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பிறகு அங்குள்ள மருத்துவரிடம் பொதுப் பரிசோதனை, தனியாகக் காசநோய்ப் பரிசோதனை. இவை முடிந்து, வந்த மூன்று மாதத்துக்குள் 80 யூரோ கட்டி வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பரிசோதனைக்கு உடனே நேரம் கிடைக்காது. கொம்யூனில் பதிந்த கையோடு கேட்டுவிடுங்கள். அரசுக் கடிதங்கள் பெரும்பாலும் பிரெஞ்சில் வரும். கெடு தேதி இருக்கும் வரியை மட்டுமாவது அன்றே யாரிடமாவது படிக்கக் கொடுங்கள்.

எல்லோரையும் படுத்துவது வீடுதான். பல்கலைக்கழக விடுதியில் எல்லோருக்கும் இடம் இல்லை, சேர்க்கை உறுதியான நாளே விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகத்தின் பெல்வால் வளாகத்துக்குப் பக்கத்திலேயேதான் வீடு வேண்டும் என்பதில்லை. 2020 முதல் நாடு முழுக்கப் பேருந்து, டிராம், ரயிலில் இரண்டாம் வகுப்பு இலவசம். வாடகை குறைவு என்று ஜெர்மனியின் டிரியரிலோ பிரான்சின் தியோன்வில்லிலோ அறை பார்க்கச் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு அது சரிப்படும். நமக்கு லக்சம்பர்க் வதிவிட அட்டை ஜெர்மனியிலோ பிரான்சிலோ குடியிருக்கும் உரிமையைத் தராது. லக்சம்பர்க்கில் முகவரி இல்லையென்றால் அட்டைக்கே சிக்கல். அறை லக்சம்பர்க்குக்குள் இருந்தாலும், முன்பணம் கட்டும் முன் அந்த முகவரியைக் கொம்யூனில் பதிய வீட்டுக்காரர் சம்மதிக்கிறாரா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.